உப்பளத்து வீட்டுக் குரல்

ஷண்முகப்ரியா செத்து இருபத்தெட்டு வருஷமாகிவிட்டது என்ற செய்தியை அவளிடமே கொண்டுவந்து சேர்த்தவள் அவள் மகள் சிந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேற்கு மாம்பலம் வீட்டின் சமையலறையில் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டி, "நீ சொல்லுவியே, அந்த சீரியல் இதுதானேம்மா?" என்று கேட்டாள்.

போனில் ஒரு இளைஞன் பேசிக்கொண்டிருந்தான். பெயர் ரெஹான். காணாமல்போன தமிழ் நிகழ்ச்சிகளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே யூடியூபில் ஒரு சேனல் வைத்திருப்பவன். பெட்டியை விட்டு வெளியே வராத படங்கள், ஒரே ஒருமுறை ஒளிபரப்பாகி அழிக்கப்பட்ட நாடகங்கள், பாதியில் நின்ற தொடர்கள் இவையெல்லாம் அவனுக்கு உயிர். அன்றைக்கு அவன் எடுத்துக்கொண்டது 'உப்பளத்து வீடு' என்ற பேய்த் தொடர். தொண்ணூற்றாறில், இப்போது பெயர்கூட மறந்துபோன ஒரு கேபிள் சேனலில் எட்டு வாரம் ஓடிவிட்டுத் திடீரென்று நின்றுபோனது. அதில் ஒரு துண்டுகூட எங்கும் மிச்சமில்லை. பார்த்தவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் மறக்காமல் சொல்வது ஒரே காட்சியை. விளக்கு வைத்த நேரம், தாழ் போட்ட கதவு, வெளியே ஒரு பெண்ணின் குரல்.

"அக்கா, வாங்கின உப்பைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கேன். கதவைத் தொறங்க."

அந்தக் குரலைக் கேட்டு ஜுரம் கண்டு படுத்த பிள்ளைகள் உண்டு என்றான் ரெஹான். பிறகு கொஞ்சம் தணிந்து, அந்தக் குரலைக் கொடுத்த பெண் அதைப் பேசிய வாரமே டப்பிங் தியேட்டரில் ரத்தம் கக்கிச் செத்தாள் என்றும், தொடர் நின்றதற்குக் காரணமே அதுதான் என்றும் சொன்னான்.

ஷண்முகப்ரியா கொத்தமல்லியை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தக் குரல் அவளுடையது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் அவள் டப்பிங் பேசிக்கொண்டிருந்தாள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. கதாநாயகியின் தோழி, கல்யாண வீட்டுக் கூட்டம், "ஐயோ யாராவது வாங்களேன்" என்று ஓடுகிற பெண், இந்த மாதிரி. பேர் போடமாட்டார்கள். அவள் வாழ்க்கையில் உருப்படியாகக் கிடைத்த ஒரே வேஷம் அந்த உப்புப் பேய்தான். அதைப் பேசிவிட்டு வந்த வாரமே கல்யாணப் புடவை எடுக்கப் போனாள். ஆவணியில் துரைராஜுக்குக் கழுத்தை நீட்டி, அவர் ஊரான சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். புரட்டாசியில் அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது அவள் மாமியார் வீட்டில் கேபிளும் இல்லை, டிவியும் இல்லை. ஒரு நாளும் அவள் அதைப் பார்த்ததில்லை.

சில வருஷம் கழித்து துரைராஜுக்கு தி.நகரில், சொந்தக்காரர் ஒருவர் நடத்தும் ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. குடும்பம் சென்னைக்கே திரும்பியது. சிந்து கொஞ்சம் வளர்ந்ததும் அதே கடையில் ஷண்முகப்ரியாவையும் மைக்கில் உட்காரவைத்தார்கள். வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்து, வாசலில் வழி மறித்து நிற்கும் காரின் எண்ணைச் சொல்வாள். மூன்றாவது மாடியில் பட்டுச் சேலைக்குத் தள்ளுபடி என்பாள். தீபாவளிக் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளைகளை அவள் மேஜைக்குத்தான் கொண்டுவருவார்கள். பேரைக் கேட்டு, சட்டை நிறத்தைச் சொல்லி, அம்மாக்காரி மூச்சிரைக்க ஓடிவரும்வரை பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பாள். குறையொன்றும் இல்லாத வேலை. ஆனாலும் என்றைக்காவது சோர்வாக இருக்கும்போது, ஒரு காலத்தில் ஊரையே கதவடைக்க வைத்த குரல் இது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வாள். சிந்துவுக்கும் துரைராஜுக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

இப்போது என்னவென்றால் ஊருக்கே தெரிந்திருக்கிறது, அவள் செத்துப்போனாள் என்று.

இரண்டு நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை. கீழே வந்திருந்த பின்னூட்டங்களை பஸ்ஸில் உட்கார்ந்து படித்தாள், மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். ஒருவர் தன் சித்தப்பா அந்தத் தியேட்டரில் வேலை பார்த்ததாகவும், அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடியதே அவர்தான் என்றும் எழுதியிருந்தார். இன்னொருவர் கடைசி வாரத்தில் பேய் கதவுக்கு உள்ளேயே இருந்ததைக் காட்டினார்கள் என்று வரிவரியாக விவரித்திருந்தார். கட்டை விரல் துறுதுறுத்தது. உயிரோடு இருக்கிறவளைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. சிந்துவிடம் சொல்லி ரெஹானுக்குச் செய்தி அனுப்பினாள்.

அவன் மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு மாடி அறையில் வேலை செய்துகொண்டிருந்தான். பகலில் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு எடிட்டிங், மற்ற நேரத்தில் இந்தத் தேடல். பழைய வீடியோ பிளேயர்கள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. ஷண்முகப்ரியாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். உட்காரவைத்து, மைக் போட்டு, மெதுவாக எல்லாவற்றையும் கேட்டான். அவளும் சொன்னாள். அந்தத் தியேட்டரின் குளிர், இயக்குநர் மாசிலாமணி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலை உயர்த்தியது, கூட்டக் குரல் பேசிவிட்டுத் துணைக்குக் காத்திருந்த தோழி தங்கம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது, எல்லாம். கடைசியில் அவன் கேட்டுக்கொண்டபடி கண்ணை மூடிக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னாள். ரெஹானின் கையில் மயிர் சிலிர்த்ததை அவளே பார்த்தாள்.

வீடியோ தீயாகப் பரவியது. கடையில் பில் போடும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலாளியே கூப்பிட்டுக் கை குலுக்கினார். துரைராஜ் வெளியே ஒன்றும் சொல்லாவிட்டாலும், செக்ஷனில் துணி மடிக்கும் பையன்களிடம் போனைக் காட்டிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

ஆனால் பின்னூட்டங்களில் பாதிப் பேர் நம்பவில்லை. இது அந்தக் குரல் இல்லை என்றார்கள். வயசாகிவிட்டால் குரல் மாறாதா என்று மற்றவர்கள் அவளுக்காகச் சண்டை போட்டார்கள். 'நான் அப்போது எட்டாம் வகுப்பு. அந்தக் குரலில் ஒரு கரகரப்பு உண்டு. இந்த அம்மாவுக்கு அது இல்லை' என்று ஒருவர் நிதானமாக எழுதியிருந்தார். திட்டி எழுதியவர்களை அவள் மறந்துவிட்டாள். இந்த நிதானமான ஆள் மட்டும் காலில் குத்திய முள்போல நின்றுவிட்டார். கரகரப்பு. தனக்கு அப்போது ஜலதோஷம் இருந்ததா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். கல்யாண வேலையில் அலைந்ததில் தொண்டை கட்டியிருக்கலாம் என்று ஒருநாள் தோன்றும். இல்லவே இல்லை என்று மறுநாள் தோன்றும்.

ரெஹானே இயக்குநர் மாசிலாமணியைக் கண்டுபிடித்தான். அடையாறு காந்தி நகரில் மகள் வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர், நடைக்குக் கைத்தடி, பேச்சு மட்டும் தெளிவு. தொடர் நின்றதற்குப் பேயும் இல்லை, சாவும் இல்லை, விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த சோப்புத்தூள்காரர் விலகிக்கொண்டார், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். பேசிவைத்த பதின்மூன்று வாரத்தில் மிச்ச ஐந்தை அவர் எடுக்கவே இல்லை. கடைசி வாரத்தைப் பார்த்ததாக ஊரில் ஐம்பது பேர் சத்தியம் செய்கிறார்களே என்று ரெஹான் கேட்டதற்கு, பார்த்திருப்பார்கள், கனவில் என்றார். டேப்புகள் சேனலோடு போய்விட்டன. அவர் கையில் ஒன்றும் கிடையாது.

ஷண்முகப்ரியா தன்னை நினைவிருக்கிறதா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பொண்ணுங்க வருவீங்க. ஒருத்தி சிவப்பா, ஒருத்தி கறுப்பா. யார் எதைப் பேசினீங்கன்னு இப்போ கேட்டா நான் என்னம்மா சொல்ல?"

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் ரெஹான் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தான். அவள் காதில் எதுவும் விழவில்லை. தங்கம் அன்றைக்குக் கூட்டக் குரல் மட்டும்தானே பேசினாள்? அவளை ஏன் அவர் சேர்த்துச் சொல்கிறார்?

தங்கம் பாலவாக்கம் மீனவக் குப்பத்துப் பெண். கடல் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் முரடு என்பாள். எப்படியோ ஒரு நாடகக்காரர் மூலமாக டப்பிங்குக்கு வந்தவள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவார்கள், ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். தங்கம் இவள் கல்யாணத்துக்கு வந்து எச்சில் இலை எடுக்கிற வரைக்கும் கூட நின்றாள். ஷண்முகப்ரியா ஊரிலிருந்து சென்னை திரும்பி, பழகினவர்களை விசாரித்தபோதுதான் தங்கம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. மஞ்சள் காமாலை என்றார்கள். ஒரு வாரம் அழுதாள். பிறகு கைக்குழந்தையும் வாடகை வீடுமாக நாள் ஓடிவிட்டது.

ஐப்பசியில் ரெஹானிடமிருந்து போன் வந்தது. நங்கநல்லூரில் சுப்பராமன் என்பவர் வீட்டில் ஒரு கேசட் இருக்கிறது. அவர் மகனின் பூணூல் கல்யாணத்தைப் பிடித்த வீடியோ. அது முடிந்து மீதியிருந்த நாடாவில் ஏதோ பேய் நாடகம் இருப்பதாகச் சொல்கிறார். அன்றைக்கே லீவு போட்டுவிட்டு அவளும் கிளம்பினாள்.

சுப்பராமன் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பின்தெருவில் தனியாக இருந்தார். மகன் வெளிநாட்டில், மனைவி காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. கேசட்டை ஒரு மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்தார். "எங்காத்துல அவதான் விடாம பார்த்துண்டிருப்பா. நான் ஆபீஸ்லேர்ந்து வர லேட்டாகும், எனக்காகப் பிடிச்சு வெச்சா. நான் பார்க்கவே இல்லை" என்றார். பூணூல் பகுதி தனக்குப் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

லஸ் அறைக்கு வந்து ரெஹான் நாடாவைச் சுத்தம் செய்து, பிளேயரில் போட்டான். முதலில் ஹோமப் புகை, மடிசாரில் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்கள். பிறகு ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழாக ஓடியது. படம் நடுங்கிற்று. உப்பளம், நிலா வெளிச்சம் என்று நீல விளக்கு போட்ட ஒரு வீடு, தாழ்ப்பாள். ரெஹான் சத்தத்தைக் கூட்டினான். ஷண்முகப்ரியா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"அக்கா, வாங்கின உப்பைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்."

குரல் அங்கே ஒரு கணம் அடைத்து, தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டு, "கதவைத் தொறங்க" என்றது.

அந்தச் செருமலை உலகத்தில் யார் மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள். பஸ் ஸ்டாண்டில், தியேட்டர் வாசலில், கல்யாண மண்டபத்தில் என்று மூன்று வருஷம் பக்கத்திலேயே கேட்டது. பேச ஆரம்பித்து நடுவில் ஒரு செருமல், அப்புறம் மிச்சப் பேச்சு.

ரெஹான் திரும்பித் திரும்பி ஓட்டினான். "ஆன்ட்டி, கிடைச்சிருச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னான். அவன் தேடிய தேடல் அப்படி. அவளுடைய முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

"அது நான் இல்ல" என்றாள் அவள்.

அவன் ஓட்டுவதை நிறுத்தினான். அவள் மறுபடியும் சொன்னாள். தான் பேசியது உண்மை, இயக்குநர் கட்டை விரல் காட்டியது உண்மை, ஆனால் இதில் இருப்பது தான் இல்லை. அவளை அனுப்பிவிட்டு வேறொருத்தியைக் கூப்பிட்டுத் திரும்பப் பேசவைத்திருக்கிறார்கள். யார் என்று அவன் கேட்டான். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஒரு வாரம் எந்த வீடியோவும் போடக்கூடாது என்று மட்டும் படியிலிருந்து சொன்னாள். அவன் சரி என்றான். போகிற போக்கில் அந்தக் குரல் துண்டை மட்டும் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. குக்கரை வைத்துவிட்டு விசிலை எண்ண மறந்தாள். இருபத்தெட்டு வருஷமாகத் தனக்கென்று வைத்திருந்த ஒன்று தன்னுடையதே இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவளைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று. அந்தக் குரலைக் கொடுத்தவள் செத்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. இல்லை, இதோ இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே போய் அவள்தான் மறுத்துவிட்டு வந்தாள். ஊர் சொன்னதில் ரத்தம் பொய், தியேட்டர் பொய், அந்த வாரம் பொய். தங்கத்தின் சாவு மட்டும் மெய்.

துரைராஜிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார். "விட்டுத் தள்ளு. நீயும்தான பேசின. டேப்பு அந்தப் பையன்கிட்டதான இருக்கு, வெளிய விடாதன்னு சொல்லிரு" என்றார். நல்ல மனுஷன், அவளுக்காகத்தான் சொன்னார். அவள் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலவாக்கத்துக்குப் போனாள். ஈ.சி.ஆரில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால், முன்பு கூரை இருந்த இடமெல்லாம் மாடி வீடு. மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் டப்பிங் தங்கம் வீடு என்று கேட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஒரு பெரியவர் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ராபர்ட் வீட்டைக் காட்டினார்.

ராபர்ட் தங்கத்தின் தம்பி. அக்கா போனபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவன், இப்போது தலை நரைத்து, சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்திருந்தான். பேரைச் சொன்னதுமே அவளைக் கண்டுகொண்டான். உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டான். சுவரில் மாலை போட்ட தங்கம். அதற்குக் கீழே கட்டிலில் அவர்கள் அம்மா, காது சரியாகக் கேட்காமல், யார் வந்திருப்பது என்று ஷண்முகப்ரியாவின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொல்ல வந்ததை ராபர்ட்டே ஆரம்பித்தான். அவளுடைய வீடியோவைப் பார்த்திருந்தான்.

"எங்க அக்காதான் பேசிச்சுன்னு எங்களுக்குத் தெரியும்க்கா. ரெண்டாவது தபா கூட்டாந்து பேசச் சொன்னாங்களாம். வூட்டுக்கு வந்து எங்களை அதே மாரி பேசி பயமுறுத்திக்கினு இருக்கும். உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சு. கல்யாணப் பொண்ணு, மனசு ஒடிஞ்சிடும்னு."

ஷண்முகப்ரியாவுக்குக் கல்யாண மண்டபத்தில் தங்கம் கூடவே நின்றது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் என்னென்னவோ பேசினாள், இதைத் தவிர.

"அப்போ என் வீடியோவைப் பார்த்துட்டு ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

"இன்னாத்துக்கு? அக்காவே சொல்லலையே."

அவள் போனை எடுத்து, குரல் துண்டைப் போட்டாள். ராபர்ட் முதல் சொல்லிலேயே தலையைக் குனிந்துகொண்டான். வீட்டில் போட்டோ இருந்தது, ஞானஸ்நானச் சீட்டு இருந்தது, குரல் என்று எதுவும் இருந்ததில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னான். பிறகு போனை வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்து, சத்தத்தை முழுசாக வைத்து, அம்மாவின் காதோடு சேர்த்துப் பிடித்தான்.

கிழவி அசையாமல் கேட்டாள். முடிந்த பிறகும் காதை எடுக்கவில்லை. ராபர்ட் திரும்பவும் போட்டான்.

"சளி கட்டிக்கினு கீது அவளுக்கு" என்றாள் கிழவி. "கஷாயம் வெச்சுக் குடுத்தியாடா?"

ராபர்ட் போனை ஷண்முகப்ரியாவின் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். கிழவி அவளைப் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்தாள். கொடுத்தாச்சும்மா என்று ஷண்முகப்ரியாதான் சத்தமாகச் சொன்னாள்.

விடைபெறும்போது, இதை எல்லோருக்கும் சொல்லப் போவதாகச் சொன்னாள். தங்கத்தின் பேரை, படத்தை, அவள்தான் அந்தக் குரல் என்பதை. அவனுக்கு அது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ராபர்ட் தலையை அசைத்து மறுத்தான்.

"வேணாக்கா. காமாலையில செத்தது எங்க அக்கா. பேரைச் சொன்னா பேயாக்கிடுவானுங்க. நாளைக்கு கேமராவைத் தூக்கிக்கினு அம்மா கட்டில்கிட்ட வந்து நிப்பானுங்க. கல்லறையில போய்ப் படம் புடிப்பானுங்க."

அவன் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. கடைசி வாரத்தைக் கனவில் கண்டு வரிவரியாக எழுதியவர்களை அவளும்தான் படித்திருந்தாள். அப்படியென்றால் தான் பேசியதாகவே இருந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். அது உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டான் அவன். அந்தக் குரல் துண்டை மட்டும் தன் போனுக்கு மாற்றித் தரச் சொன்னான்.

ரெஹானுக்கு அந்த ஒரு வாரம் ஒரு யுகமாக இருந்திருக்க வேண்டும். அவள் படியேறி வரும்போதே எழுந்து நின்றான். இரண்டு பேரும் அன்றைக்கு நிறையப் பேசினார்கள், கொஞ்சம் மனஸ்தாபமும் ஆனது. பேரை மறைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற துரோகம் என்றான் அவன். இத்தனை வருஷம் பேர் போடாமல் விட்டார்கள், நாமும் விடுவதா என்று கேட்டான். அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. ஆனால் பேரைக் கொடுப்பதா கூடாதா என்பது வீட்டுக்காரர்கள் பாடு, நம் பாடு இல்லை என்று நின்றுவிட்டாள். கடைசியில் அவன் இறங்கிவந்தான். சரி, யாரென்று தெரியாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், அதோடு போகட்டும் என்றான்.

மைக்கைப் போட்டதும் அவள் சொன்னது வேறு. "உப்பளத்து வீட்டில் வருகிற குரல் என்னுடையது இல்லை. நான் பேசியது உண்மை. அதை எடுத்துவிட்டு வேறொருவரைப் பேசவைத்திருக்கிறார்கள், எனக்கு இப்போதுதான் தெரியும். அவர் என்னைவிட நன்றாகப் பேசியிருக்கிறார். யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியம் வினையாகும், எடுத்துவிடட்டுமா என்று ரெஹான் கேட்டான். தெரியாது என்று சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும் என்றாள் அவள். அப்படியே போட்டான்.

வினைதான் ஆயிற்று. தொலைந்த காட்சி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. யார் அவள் என்ற கேள்வி அதை விழுங்கிவிட்டது. செத்தவளின் குடும்பம் மிரட்டி வாயை அடைத்துவிட்டதாக எழுதினார்கள். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை, டேப்பில் தானாக விழுந்த குரல் அது என்றார்கள். நாலைந்து பேர் கடைக்கே வந்து, புடவை பார்ப்பதுபோல நின்று, மைக் மேஜையைப் படம் பிடித்தார்கள். முதலாளி முதல் தடவை சிரித்தார், மூன்றாம் தடவை சிரிக்கவில்லை. கூட்டம் அடங்கட்டும் என்று அவளை உள்ளே, புடவைக்கு விலைச்சீட்டு ஒட்டும் இடத்துக்கு மாற்றினார். மைக்கில் பதிவு செய்த குரல் ஒன்றைப் போட்டார்கள். காணாமல்போகும் பிள்ளைகளை யாரிடம் கொண்டுபோகிறார்கள் என்று அவள் விசாரித்தாள். செக்யூரிட்டியிடம் என்றார்கள். பொங்கல் கழிந்த பிறகுதான் பழைய இடத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

மாசியில் கோயம்புத்தூரிலிருந்து மதுமதி என்று ஒரு பெண் இன்னொரு சேனலில் தோன்றினாள். ஐம்பது வயசு, படிய வாரிய தலை, தன்மையான பேச்சு. உப்பளத்து வீட்டில் பேசியது தான்தான் என்றாள். ஷண்முகப்ரியா சொல்லமாட்டேன் என்றது தன்னைத்தான் என்றும், தங்களுக்குள் ஒரு பழைய வருத்தம் என்றும் சொன்னாள். கேட்டவர்கள் நம்பினார்கள். புதிர் விடுபட்டதென்று அந்தச் சேனல் கொண்டாடியது.

ரெஹான் கொதித்துப்போய் போன் செய்தான். ஒரே ஒரு வார்த்தை, இப்போதாவது சொல்லுங்கள் என்றான். அவள் நேராக ராபர்ட்டைக் கூப்பிட்டாள். அவன் அப்போது கரையில் மீன் ஏலத்தில் இருந்தான், பின்னால் ஒரே கூச்சல். சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"வுடுக்கா. சொல்லிக்கினு போட்டும். இனிமே எவனும் எங்க வூட்டைத் தேடமாட்டான்."

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். போனை எடுத்துக் காதில் வைக்கச் சொல்லித் தினம் தொந்தரவு செய்வதாகவும், மத்தபடி சௌக்கியம் என்றும் சொன்னான்.

அவன் நிம்மதியாகிவிட்டான். அவளுக்கு ஆகவில்லை. அந்த மதுமதியின் வீடியோவை அவள் இதுவரை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பொய்க்காரியின் முகம் எப்படி இருக்கும் என்று தேடிப் பார்க்கிறாள். பழைய வருத்தம் என்றது அப்பட்டமான பொய், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தான் எந்த வீடியோவிலும் சொல்லாத அந்தத் தியேட்டரின் படியைப் பற்றி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற இயக்குநரைப் பற்றி மதுமதி சொல்கிற இடங்களில் கண்ணில் பொய் தெரியவில்லை. அவளையும் ஒருநாள் கூப்பிட்டுப் பேசவைத்திருப்பார்களோ என்னவோ. கேட்டுவிடலாம் என்று ரெஹானிடம் மதுமதியின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறாள். கடையில் கூட்டமில்லாத மத்தியான வேளைகளில் அந்த நம்பரை எடுத்துப் பார்ப்பாள். அந்தப் பக்கம் எடுத்தால் என்ன கேட்பது என்று தெரியாமல், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே வழி மறித்து நிற்கும் வண்டியின் எண்ணை விசாரிக்க எழுந்து போய்விடுவாள்.